மேனேஜருக்குக் குளிர்

மேனேஜரை முன்சீட்டில் உட்காரவைத்து, சீட் பெல்ட்டும் போட்டு, கார் ஹீட்டரை முழுசாகத் திருப்பிவைத்துத்தான் திருமாறன் வீடு வரை ஓட்டிவந்தான். வியர்வையில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, அவனுக்கு அவ்வளவுதான் வேண்டும்.

கதவைத் திறந்த மனைவி தாமரைச்செல்வி, அவன் கையில் ஸ்வெட்டர் சுற்றிய கண்ணாடித் தொட்டியைப் பார்த்தாள். "என்னங்க, மீனைத் தூக்கிட்டு வந்துட்டீங்க? மணி பதினொண்ணுகூட ஆகல!"

"ஆபீஸ்ல ஹீட்டிங் வேலை செய்யல செல்வி. வீட்லேர்ந்து வொர்க் பண்ணச் சொல்லிட்டாங்க."

கலிபோர்னியாவின் சான் ரமோன் ஆபீஸில் அவன் மேஜை மேல் மூன்று வருஷமாக வளரும் பெட்டா மீன் அது. யார் கிட்டே வந்தாலும் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு நிற்கும். அதனால் டீமே சேர்ந்து வைத்த பெயர் மேனேஜர். இன்று அந்த வீறாப்பையெல்லாம் காணோம், துடுப்பைச் சுருக்கிக்கொண்டு அடியில் கிடந்தது.

தொட்டியில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் எழுபது டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. மேனேஜருக்குக் குறைந்தது எழுபத்தெட்டு வேண்டும்.

"இதுக்குன்னு குட்டி ஹீட்டர் ஒண்ணு இருந்துச்சே?"

"கழட்டி டெஸ்க் மேல வச்சேன். அங்கயே விட்டுட்டேன்."

"நல்ல ஆளுதான் போங்க! போய் எடுத்துட்டு வாங்க, பத்து நிமிஷ டிரைவ்தானே?"

"இப்ப வேணாம். டயர்டா இருக்கு."

பொய்யில்லை. நாள் முழுக்க மூட்டை தூக்கியவன் மாதிரி உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. ஆனாலும் அவன் உட்காரவில்லை. பாட்டிலில் வெந்நீர் பிடித்துத் தொட்டியில் மிதக்கவிட்டான், சுற்றிலும் டவலைச் சுற்றினான். இன்றைக்கு இது ஒன்றையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்றிருந்தது.

எழுபத்தொன்று. அதற்குள் பாட்டில் ஆறிவிட்டது. அவன் மறுபடி சமையலறைக்குப் போய் வெந்நீர் பிடித்துவந்தான். எழுபத்திரண்டு. மீன் அசையவில்லை.

"எதுக்கு இந்த அவஸ்தை? கடைக்குப் போய் புதுசா ஒரு ஹீட்டர் வாங்கிட்டா முடிஞ்சுபோச்சு" என்றாள் தாமரைச்செல்வி.

"எதுக்கு வீண் செலவு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை ஒரு தடவைகூட வந்ததில்லை.

"அப்ப நானே போய் எடுத்துட்டு வரேன். உங்க பேட்ஜைக் குடுங்க, அது இல்லாம கதவு திறக்காதே."

அவன் சட்டைப் பையைத் தடவினான். பேன்ட் பையைத் தடவினான். திரும்பவும் சட்டைப் பைக்கே வந்தான்.

"கார்ல... இருக்கும்" என்றான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

தாமரைச்செல்வி எழுந்துவந்தாள். ஆறிப்போன பாட்டிலை அவன் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, அவனை நாற்காலியில் உட்காரவைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்:

"டீமையே தூக்கிட்டாங்களா, உங்கள மட்டுமா?"