மேட்டு வீட்டுக் குழாய்

நயீம் அகமது வீட்டு மோட்டாரை நகராட்சி ஆட்கள் கழற்றிக்கொண்டு போன அன்று, கோதண்டன் தெருமுனைக் கடையில் ரெண்டாவது டீயும் சொல்லிக் குடித்தார்.

புகார் கொடுத்தது அவர்தான். அது வெளியில் யாருக்கும் தெரியாது. வீட்டில் முனியம்மாவுக்கும் தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரன் குடிதண்ணீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான், ஏழை பாழைகள் எங்கே போவது என்று நகராட்சியில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். தோல் பதனிடும் ஷாப்புகள் நிறைந்த ஊர். போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. குடிக்க, சமைக்க எல்லாம் இந்தக் குழாய்த் தண்ணீர்தான்.

தண்ணீர் ஒரு காரணம். இன்னொரு காரணம் ஏணி.

ஒரு ரம்ஜானுக்கு முன்னால், வீட்டுக்கு வெள்ளையடிக்க நயீம் இவருடைய மூங்கில் ஏணியை வாங்கிப்போனான். திரும்பி வந்தபோது அதில் ஒரு படி உடைந்திருந்தது. புது ஏணியே வாங்கித் தருகிறேன் அண்ணே என்று எவ்வளவோ சொன்னான். இவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். புது ஏணி வந்துவிட்டால் அப்புறம் கோபத்தை எங்கே சாத்தி வைப்பது? அன்றோடு பேச்சு நின்றது.

மோட்டாரைக் கழற்றும்போது இவர் வாசலில் நின்று பல் துலக்குவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் முனியம்மாவும் வந்து நின்றாள்.

"படிச்சவருதானே பாய், நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டார் வந்தவர்.

நயீம் இந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் சார்" என்றான். அவன் மனைவி குர்ஷித் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

இந்தக் காட்சியைப் பார்க்க வெகு ருசியாக இருக்கும் என்று நினைத்திருந்தார் கோதண்டன். என்னவோ, அவ்வளவாக ருசிக்கவில்லை. அதற்காகத்தான் ரெண்டாவது டீ.

அடுத்த தண்ணீர் நாளுக்கு லீவு போட்டார். ஷூ கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை அவருக்கு. தண்ணீர் வருகிற நேரத்தில் எப்போதும் டியூட்டியில் இருப்பார். சாயங்காலம் வந்து பார்த்தால் டிரம் நிறைந்திருக்கும். எப்படி நிறைந்தது என்று கேட்டதில்லை. துவைத்த வேட்டி எப்படிக் கொடியில் ஏறியது என்றும் கேட்டதில்லை.

இனிமேல் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வரும், பழைய குழாய் தாங்காது என்று புதுக் குழாயும் வெள்ளை டேப்பும் வாங்கிவந்தார். பழையது பச்சை பூத்து இறுகிக் கிடந்தது. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியைக் கிழித்தது.

"இன்னா முனிமா, இதத் திருப்பவே முடியல. எப்படித்தான் தண்ணி புடிச்சியோ."

இப்படிக் கையைக் கிழித்துக்கொள்வானேன், அதெல்லாம் இப்போது எதற்கு, கம்முனு இருங்க என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஒருவழியாகப் புதுக் குழாயை மாட்டி, அடியில் டிரம்மை வைத்து, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தெருவின் கீழ்க்கோடியில் குடங்கள் இடிபடும் சத்தம் கேட்டது. தண்ணீர் விட்டுவிட்டார்கள். குழாயைத் திறந்தார்.

புஸ்ஸென்று காற்று வந்தது. கொஞ்சம் இருமியது. பிறகு அதுவும் இல்லை.

கீழ் வீடுகளில் பிடித்து முடித்து வாசலே கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். இவருடைய டிரம்மில் ஒரு சொட்டு இல்லை.

"மோட்டாரத்தான் புடுங்கினு போய்ட்டாங்களே, இன்னும் இன்னா கேடு? இதுக்கா நான் ஆபீஸ் வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்தேன்?"

உலைக்காவது எங்கேயாவது தண்ணீர் வாங்கி வரலாம் என்று சொம்போடு கிளம்பிய முனியம்மா அப்படியே நின்றாள்.

"நீங்களா சொன்னீங்க?"

"ஆமா. நான்தான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் இவரும் கத்தியிருப்பார். அது பழகின வேலை. அவள் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

இவர்கள் வீடு மேடு. கீழே புது வீடுகள் வந்த நாளிலிருந்து இந்தக் குழாயில் தண்ணீர் ஏறுவதே இல்லை. கீழ்க்கோடிக்குப் போய்க் குடம் குடமாகத் தூக்கிவந்தாள். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு குடம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு தண்ணீர் நாளும் குர்ஷித்தான் மோட்டாரைப் போட்டு, சுவருக்கு மேல் பைப்பை விட்டு இந்த டிரம்மை நிரப்பினாள். இவர் டியூட்டி முடிந்து வருவதற்குள் பைப்பை இழுத்துக்கொள்வாள்.

டாக்டர் சொல்லும்போது கோதண்டனும் பக்கத்தில்தான் இருந்தார். நன்றாக நினைவிருந்தது. அப்படியானால் இனி யார் தூக்குவது என்று அன்றைக்கு யோசித்ததுதான் நினைவில் இல்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா குடிச்சிருப்பீங்களா?"

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காய்ந்த டிரம்முக்குள் பார்த்தார். அப்போதும் உள்ளே ஒரு மூலையில் கோபம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சரி, ஊத்தினான். இல்லன்னு சொல்லல. மொதல்ல அவன் வீடு ரொம்பறதுக்குத்தானே மோட்டார் வச்சான்? மிச்சத்த நமக்கு வுட்டான். அது மட்டும் நாயமா?"

முனியம்மா காலிச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"அவங்க வீட்ல சோறு ஆக்கறதுக்குக்கூட கேன் தண்ணிதாங்க. எனக்கு ஆபரேஷன் ஆனப்புறம், நம்ம டிரம்மு ரொம்பணும்னுதான் பாய் அந்த மோட்டாரையே வாங்கினாரு."