பதினேழாம் நம்பர் லீவர்

விழுப்புரம் சிக்னல் கேபினின் மேற்கு ஜன்னல் வழியே வரும் நாலு மணி வெயிலில் பதினேழாம் நம்பர் லீவர் வெள்ளிக் காப்பு போல மினுங்குகிறது. வியர்வை பட்டுத் துருப்பிடிக்கக் கூடாதென்று முப்பது வருடமாகச் சவுரிராயன் அதைத் துணி வைத்துத்தான் பிடிக்கிறார். அதை இழுத்தால்தான் கம்பி இழுபட்டுத் தூரத்துக் கைகாட்டி இறங்கும். திண்டிவனத்திலிருந்து வந்த வண்டி அவுட்டரில் நின்று கூவுகிறது. அவர் காலை ஊன்றி இழுக்கிறார். லீவர் பாதியில் நின்றுவிடுகிறது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை மிளகாய் அரைத்த கையாக எரிகிறது. முன்பெல்லாம் அடுத்த வண்டிக்குள் ஆறிவிடும் எரிச்சல்தான். இப்போது மத்தியானப் பாசஞ்சருக்கு இழுத்ததே இன்னும் சதைக்குள் கனன்றுகொண்டிருக்கிறது. "கம்பி இறுகிக்கினு கெடக்குதுன்னு மூணு தபா சொல்லிட்டேன், எவன் கேக்குறான்?" என்று கத்துகிறார். கம்பி ஓடும் கப்பிகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டுவிட்டு ஃபிட்டர் வேங்கடேசன் படியேறி வருகிறான். "கம்பி நல்லாத்தாண்ணே ஓடுது. எங்கயும் துருவே இல்ல."

"நீயே இழுத்துப் பாரு, அப்பத் தெரியும் பேஜாரு."

வேங்கடேசன் இடது கையில் எண்ணெய்க் கேனைப் பிடித்தபடியே வலது கையால் இழுக்கிறான். லீவர் சடக்கென்று வந்துவிடுகிறது. தூரத்தில் கைகாட்டி இறங்க, வண்டி கூவலை நிறுத்திவிட்டு நகர்கிறது.

"எண்ணெய்க் கையால தொடாதேன்னு எத்தினி தபா சொல்றது!" சவுரிராயன் கையிலிருந்த துணியால் லீவரைத் துடைக்கிறார். பிறகு அதே துணியால் தன் முன்னங்கையை, தோல் சிவக்கச் சிவக்க, அழுத்தித் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.