நடுக்கிளை

தை பிறந்துவிட்டது. இன்னும் பத்து நாளில் பேரி மரங்கள் மொட்டுவிடும். வேண்டாத கிளைகளை அறுக்கும் கவாத்தை அதற்குள் முடித்தாக வேண்டும். மலையில் முப்பது வருடம் கவாத்து செய்த சூசைக்கோ பக்கவாதம் வந்து இரண்டு மாதமாகப் பேச்சில்லை. அதனால் அவர் மனைவி ஜெசிந்தா அவரைத் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கம்பளி போர்த்திவிட்டு, ரம்பத்தோடு தானே ஏணியில் ஏறினாள். ஒவ்வொரு கிளையாகத் தொட்டுக் காட்டுவாள். அவர் கண்ணை மூடித் திறந்தால் அறுப்பாள்; விழித்தபடியே இருந்தால் விட்டுவிடுவாள். பதினோரு மரம் அப்படியே முடிந்தது.

பன்னிரண்டாவது மரத்தில், தொடைப் பருமனுள்ள நடுக்கிளையில் கை வைத்தாள். "என்னங்க, இதையுமா?"

அவர் கண்ணை மூடினார். அந்த மரத்தில் அதிகம் காய்ப்பதே அந்தக் கிளைதான். ஆனாலும் மர விஷயத்தில் அவர் சொல் என்றைக்குத் தப்பியிருக்கிறது என்று அறுக்கத் தொடங்கினாள். பாதி அறுத்தபின் திரும்பிப் பார்த்தாள். அவர் கண் இன்னும் மூடியே இருந்தது.

"என்னங்க!"

அசைவில்லை. ஏணியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் மார்பில் கை வைத்தாள். மூச்சு இருந்தது. உலுக்கியதும் விழித்தார். பாதி அறுபட்ட கிளையையே வெகுநேரம் பார்த்தார். உதடு கோணியது.

"ஏ...ண்டி?"

இரண்டு மாதத்தில் முதல் வார்த்தை. ஏன் அறுத்தாய் என்கிறாரா, ஏன் நிறுத்தினாய் என்கிறாரா? ஜெசிந்தா அவர் காலடியில் உட்கார்ந்து, "இன்னொரு தரம் சொல்லுங்க, இன்னொரு தரம்" என்று கெஞ்சினாள்.