நெற்றியை அளந்த வெப்பமானி

காய்ச்சலில் கிடந்த குழந்தையின் நெற்றியிலிருந்து தாய் அப்போதுதான் ஈரத்துணியை எடுத்திருந்தாள். அந்த நெற்றியில் வைக்கப்பட்ட வெப்பமானி, "காய்ச்சல் இல்லை, வீட்டுக்கு அனுப்புங்கள்!" என்று கூவியது.

"பொறும் ஐயா," என்றது பக்கத்திலிருந்த நுண்ணலைமானி. "உடலின் ஆழத்து வெப்பம் வெளியே அனுப்பும் நுண்ணலைகளைக் கவனிக்கிறேன். உள்ளே கொதிக்கிறது."

"தொடமாட்டீர், துளைக்கமாட்டீர், வாய்மூடிக் கவனிப்பதும் ஒரு வேலையோ?"

"நீர் அளந்தது ஈரத்துணி விட்டுச்சென்ற குளிர்ச்சியை."

மருத்துவர் நுண்ணலைமானியை நம்பினார். குழந்தையை அனுப்பாமல் மருந்து கொடுத்தார். மாலையில் குழந்தை கண்விழித்துப் பால் கேட்டது.

வெப்பமானி கட்டிலிடம் முறையிட்டது: "என் அளவில் பிழையே இல்லை. அந்தக் குழந்தைக்குத்தான் முறையாகக் காய்ச்சல் காயத் தெரியவில்லை."