புலி பார்க்க ஓர் ஏற்பாடு

"புலி பாக்கப் போறதுக்குச் சவரம் எதுக்கும்மா?"

பழனியில் பஸ் ஏறியதிலிருந்து சுவாமிநாதன் இதோடு மூன்றாவது தடவை கேட்டுவிட்டார். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர். கடையை ஒரு நாள் மூடுவதென்றாலே அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். அப்படிப்பட்டவரைக் கொடைக்கானல் வரை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள் மகள் லீலா.

"இன்னிக்குப் புலி இல்லப்பா. ஜீப்புக்குச் சொல்லி வைக்கத்தான் வந்திருக்கோம். அடுத்த வாரந்தான் தேக்கடி."

"அதுக்கு ஒரு கடுதாசி போட்டாப் பத்தாதா? நானும் நேர்ல வரணுமா?"

"வரணும்" என்றாள் லீலா.

சுவாமிநாதனுக்கு ஒரு மாதமாகவே சந்தேகம். எலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற பெண்ணுக்குத் திடீரென்று புலி மேல் என்ன ஆசை? தேக்கடிக்குத்தான் போகவேண்டும் என்றால் வத்தலக்குண்டிலிருந்து நேராகப் பெரியகுளம், கம்பம் என்று போய்விடலாம். மலை ஏறி, இங்கே ஒரு ஜீப்பைப் பிடித்து, மறுபடி மலை இறங்குவானேன்? ஆசிரியைப் பயிற்சிக்காக இரண்டு வருஷம் இந்த ஊர் ஹாஸ்டலில் இருந்தவள். படிப்பு முடிந்து வந்த பிறகும் வாரம் தவறாமல் கொடைக்கானல் முத்திரையோடு கடிதம் வந்துகொண்டிருந்தது. யாரென்று கேட்டால், "தெரிஞ்சவங்கப்பா" என்பாள்.

அது அறுபத்து மூன்றாம் வருஷத்து மே மாதம். ஏரிக்கரை முழுக்க சீசன் கூட்டம். அதைத் தாண்டி மேட்டில் ஒரு தகரக்கூரை வீடு. வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த இளைஞன் இவர்களைக் கண்டதும் ஓடி வந்து கும்பிட்டான்.

"வாங்கய்யா. நாந்தான் கந்தவேல். வெள்ளனேயே எதிர்பாத்தோம்."

சொல்லிவிட்டு லீலாவைப் பார்த்தான். லீலா லேசாகத் தலையை ஆட்டினாள். சுவாமிநாதன் கண்ணில் அது பட்டுவிட்டது.

மனைவி போய் எட்டு வருஷம். அவ்வளவு பெரிய வீட்டில் அவரும் இவளும்தான். இவளும் இந்த மலைக்கு வாக்கப்பட்டு வந்துவிட்டால், கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய் யாரிடம் ஒரு வார்த்தை பேசுவது?

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் விசாரணையை ஆரம்பித்தார்.

"ஜீப்பு சொந்தமா தம்பி?"

"சொந்தந்தாங்கய்யா. ஒரு எஸ்டேட்ல பழசா வாங்குனது."

"அப்பா அம்மா?"

"ரெண்டு பேரும் இல்லீங்க. அக்காதான் என்னய வளத்துச்சு. லீலா படிச்ச ஹாஸ்டல்ல வார்டனா இருக்கு. அக்கா மாதிரி ஒரு..."

"சரி, சரி, அக்கா இருக்கட்டும். குடி, சிகரெட்டு உண்டா?"

"ரெண்டும் கெடையாதுங்கய்யா."

புலி பார்க்க இதெல்லாம் எதற்கு என்று அவன் திருப்பிக் கேட்டிருந்தால் சுவாமிநாதனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கேட்கவில்லை. அவ்வளவு பணிவாகப் பதில் சொன்னான். ஜீப் ஓட்டுகிறவன் வாடகைக்கு வந்தவரிடம் இத்தனை பணிவு காட்டுவானா?

நாற்பதை எட்டிப்பிடிக்கப்போகும் ஒரு பெண்மணி காபி கொண்டு வந்தாள். "சூடு பத்துமாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். சுவாமிநாதன் கந்தவேல் மேலிருந்து கண்ணை எடுக்காமலே, "பத்தும்மா" என்று டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"நான் ஒண்ணு கேக்கலாங்களா?" என்றான் கந்தவேல். "ஐயாவுக்கு ரத்தக் கொதிப்பு, சக்கர வியாதி எதுவும் உண்டுங்களா?"

"எதுக்கு?"

"மலப்பாதைங்க. வளைவு நெறைய."

"ஒண்ணும் கெடையாது. கல்லு மாதிரி இருக்கேன்."

"வயசு நாப்பத்தஞ்சுதானுங்களே?"

"ஏன், புலி வயசு கேட்டுட்டுத்தான் கடிக்குமா?"

கந்தவேல் சிரித்தான். லீலாவும் சிரித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"கோவம் அடிக்கடி வருங்களா?"

"இப்ப வருது."

"வீட்டுல சமையல் யாருங்கய்யா?"

"லீலாதான். அது எதுக்கு உனக்கு?"

"போற வழிக்குச் சோறு கட்டணுமேன்னு கேட்டேன்."

மாமனார் இன்னும் எத்தனை வருஷம் தாங்குவார், சமையல் தெரிந்த பெண்தானா என்று ஆழம் பார்க்கிறான் பயல். சுவாமிநாதனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"போதும் தம்பி. புலியும் இல்ல, தேக்கடியும் இல்ல. எனக்கு எல்லாம் வெளங்கிருச்சு." மகள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவரப் புடிச்சிருக்குன்னா நேராவே சொல்லியிருக்கலாமே. நான் என்ன குறுக்கயா நிக்கப்போறேன்? நல்ல பையனாத்தான் தெரியுது. என்ன, நீ இல்லாம வீடு வெறிச்சுன்னு கெடக்கும். கெடக்கட்டும்."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. லீலா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

"ஜூன்ல எனக்கு மதுரையில வேல கெடச்சிருக்குப்பா. வீடு வெறிச்சுன்னு கெடக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவும்" என்றாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கந்தவேலைப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றான்.

"உங்க அப்பாவ எனக்குப் புடிச்சிருக்கு லீலா. உள்ள போயி எங்க அக்காவுக்குச் சம்மதமான்னு மட்டும் கேட்டுட்டு வந்துருங்க."