குருபிரசாத்தின் குறையில்லாத புரோகிராம்

சர்வரில் இடம் நிறைந்துவிட்டதால், புரோகிராம்களில் கண்டுபிடித்த பிழைகளின் குறிப்புகள் மட்டும் தனி டிஸ்க்கில் சேரும்படி புரோகிராமர் சுகிர்தா மாற்றி வைத்திருந்தாள்.

சரஸ்வதி பூஜையன்று டீம் லீடர் குருபிரசாத் திரையைக் காட்டினார்.

"பாத்தீங்களா அண்ணாச்சி, என் புரோகிராம்ல ஒரு குறை கிடையாது. இன்னைக்கே கஸ்டமருக்கு அனுப்பிருவோம்."

முதலாளி அம்பலவாணன் வியந்தார். "நேத்து வரைக்கும் பக்கம் பக்கமா இருந்துச்சே வே?"

"எல்லாம் சரஸ்வதி கடாட்சம்!"

"ஆமா சார்," என்று மெல்லச் சொன்னாள் சுகிர்தா. "அந்த டிஸ்க்கைக் காலையில நீங்கதான கழட்டிப் பூஜையில வச்சீங்க?"

பொரிக்கு நடுவே டிஸ்க், சந்தனம் குங்குமத்தோடு இருந்தது.

"நாளைக்கு வரைக்கும் அதை எடுக்கக் கூடாதே!" என்றார் குருபிரசாத் அவசரமாக.

"எடுக்க வேண்டாம் வே," என்றார் அம்பலவாணன். "சரஸ்வதி மொதல்ல படிச்சு முடிக்கட்டும். அதுக்குப் பொறவு கஸ்டமருக்கு அனுப்புவோம்."