மீட்டர் பொய் சொல்லாது

“உஸ்ஸுன்னு காத்து கசியுற சத்தம் கேக்குதாம், முதலாளி! அதுவும் இவங்க ஒருத்தர் காதுக்கு மட்டும்!” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார் சூப்பர்வைசர்.

படகுப் பட்டறை முதலாளி சிரிக்கவில்லை. திரும்பி வந்த படகிலிருந்து அறுத்தெடுத்த துண்டு அவர் கையில் இருந்தது. உள்ளே சல்லடையாகக் காற்றுக் குமிழிகள். இந்த மாதத்தில் இது மூன்றாவது படகு.

அச்சில் ஃபைபர் துணியை அடுக்கி, மேலே பிளாஸ்டிக் பையை டேப்பால் ஒட்டி, உள்ளே இருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்சிய பிறகுதான் ரெசின் என்ற பிசினை விட வேண்டும். பையில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் போச்சு, குமிழிதான். துணி அடுக்குவதும் பை ஒட்டுவதும் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அந்தப் பெண்மணி. ஆகவே உருள வேண்டிய தலையும் அவருடையதுதான். சூப்பர்வைசருக்கு அதில் துளியும் சந்தேகமில்லை.

“டேப் மட்டமா வருது முதலாளி. ஓரத்துல ஒட்டவே மாட்டேங்குது. ரெண்டு மாசமா சொல்றேன், யார் கேக்குறாங்க?” என்றார் அக்கா.

“கசிவு இருந்தா, பையோட குழாய் போட்டு மாட்டியிருக்கிற மீட்டர்ல முள் இறங்கணுமா வேணாமா?” என்று மேசை மேலிருந்த மீட்டரைக் காட்டினார் சூப்பர்வைசர். “ பம்பை நிறுத்திட்டு அரை மணி நேரம் பாக்குறேன், இம்மியும் அசையல. துணியை ஏனோதானோன்னு அடுக்கிட்டு டேப் மேல பழியைப் போடுறாங்க!”

“இப்போ போட்டிருக்கிற பை?” என்றார் முதலாளி.

“எட்டு மணிக்கு, ஒம்பது மணிக்கு, பத்து மணிக்கு. மூணு தடவை பாத்தேன், முள் இருந்த இடத்துலயே நிக்குது. கையெழுத்தும் போட்டாச்சு.” சூப்பர்வைசர் நோட்டைப் பெருமையாக நீட்டினார். “உள்ள பொட்டுக் காத்து கெடையாது. மீட்டர் எதுக்கு முதலாளி பொய் சொல்லணும்? அதுக்கென்ன புள்ளைங்க ஃபீஸ் கட்டணுமா?”

அக்காவுக்குச் சுருக்கென்றது. இரண்டு பிள்ளைகளின் படிப்பும் இந்த வேலையை நம்பித்தான் ஓடுகிறது. அது தெரிந்துதான் மனுஷர் குத்துகிறார்.

“மன்னிச்சுக்கம்மா. உங்களை நிறுத்துறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியல” என்றார் முதலாளி.

அக்கா அழவுமில்லை, கெஞ்சவுமில்லை. மேசைக்கு அடியில் குனிந்து, மீட்டரிலிருந்து போகும் குழாயின் மறுமுனையை இழுத்து முதலாளி கையில் கொடுத்தார்.

“நேத்து சாயங்காலமே இதைப் பையிலேர்ந்து கழட்டிட்டேன், முதலாளி. காலையிலேர்ந்து சார் மூணு தடவை அளந்தது, நாம நிக்கிற இந்த ரூம் காத்தைத்தான்.”